டம்மி டக்: அறுவைக்கு முன் வீட்டையும், பின்வரும் ஆறு வாரத்தையும் எப்படித் தயார் செய்வது

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியதில் ஒன்றைத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறேன். டம்மி டக் எனப்படும் வயிற்றுச் சதைக் குறைப்பு அறுவைக்கு வரும் பெண்கள் டாக்டரிடம் கேட்கும் கேள்விகள் ஒரு வகை; டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்பவை வேறு வகை. தழும்பு எவ்வளவு நீளம் வரும், எப்போது டிஸ்சார்ஜ் என்பவை அவரிடம். குழந்தையை எப்போது தூக்கலாம், வீட்டில் இந்தியன் டாய்லெட்தான் இருக்கிறது, உட்காரலாமா, தண்ணீர் அதிகம் குடித்தால் தையல் ஊறிவிடும் என்கிறார் அத்தை, அது உண்மையா, சேலை கட்ட எத்தனை நாள் ஆகும் என்பவை எங்களிடம். இந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை கண்டவர்கள் எவ்வளவு நிம்மதியாகத் தேறினார்கள் என்பதையும், காணாதவர்கள் எவ்வளவு அவதிப்பட்டார்கள் என்பதையும் பார்த்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன். அறுவை அரங்கில் நடப்பது 2 முதல் 4 மணி நேரம். அதன் பிறகு வீட்டில் நடப்பது குறைந்தது 6 வாரம். அந்த 6 வாரத்தை யார் தாங்கப்போகிறார்கள் என்று தெரியாமல் யாரும் தேதி வாங்கக் கூடாது.

இந்த அறுவை எதைச் செய்யும், எதைச் செய்யாது

வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக இரண்டு நீளத் தசைகள் ஓடுகின்றன. அவற்றை இணைக்கும் நடுக்கோட்டு நார்த்திசு, கர்ப்பகாலத்தில் குழந்தைக்கு இடம் கொடுப்பதற்காக விரிகிறது. பலருக்கு இது பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடும். சிலருக்கு, குறிப்பாக இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தவர்களுக்கும் அடுத்தடுத்துக் கருவுற்றவர்களுக்கும், தசைகளுக்கு இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி நின்றுவிடுகிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்தால், நடுவில் ஒரு மேடு எழும்புவதையோ விரல்கள் பள்ளத்தில் இறங்குவதையோ நீங்களே உணரலாம். டம்மி டக்கில் சர்ஜன் இந்தத் தசைகளை மீண்டும் நடுக்கோட்டில் சேர்த்துத் தைக்கிறார். தொப்புளுக்குக் கீழே தளர்ந்து தொங்கும் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் அகற்றுகிறார். தொப்புளில் குடலிறக்கம் இருந்தால் அதையும் பெரும்பாலும் அதே அறுவையில் சரிசெய்துவிடலாம்.

பிரசவமான பிறகு வயிற்றைத் துணியால் இறுகக் கட்டாததால்தான் தனக்கு இப்படி ஆனது என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். துணி கட்டுவது இடுப்புக்கு ஒரு தாங்கலாக இருக்குமே தவிர, அளவுக்கு மீறி விரிந்துபோன திசுவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ஆற்றல் அதற்கு இல்லை. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. அதே சமயம், தசை விலகல் மட்டும் இருந்து, தோல் அதிகம் தொங்காதவர்கள் முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் சில மாதங்கள் முறையாகப் பயிற்சி செய்து பார்ப்பது நல்லது. அதிலேயே போதுமான பலன் கிடைத்துக் கத்தியைத் தவிர்த்தவர்கள் உண்டு. ஆனால் சுருக்கம் விழுந்து மடிந்து தொங்கும் தோலை எந்தப் பயிற்சியாலும் சுருக்க முடியாது.

இது எடை குறைக்கும் அறுவை இல்லை. கையால் பிடித்துத் தூக்க முடிகிற சதைதான் இங்கே அகற்றப்படுகிறது. உள்ளே குடலைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்பை இந்த அறுவை தொடுவதே இல்லை. நம்மவர்களில் பலருக்கு, கைகால்கள் மெலிந்திருந்தும் வயிறு மட்டும் கெட்டியாக முன்தள்ளி நிற்பதற்கு அந்த உட்கொழுப்புதான் காரணம். அப்படிப்பட்டவர்களை நேர்மையான சர்ஜன் அறுவை செய்யாமலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பினால் வருந்தாதீர்கள்.

காத்திருக்க வேண்டியவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அது முடியட்டும். இந்த அறுவைக்குப் பின் கருவுறுவதால் பொதுவாக ஆபத்து இல்லை என்றாலும், தைத்ததும் இழுத்ததும் மறுபடி விரிந்துவிடும். பிரசவமாகி ஓராண்டாவது ஆகி, தாய்ப்பால் நிறுத்திச் சில மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். எடை 6 மாதமாவது ஏறாமல் இறங்காமல் ஒரே நிலையில் நின்றிருக்க வேண்டும். எடைக் குறைப்புக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதம் வரை பொறுக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7 அல்லது 7.5-க்குள் வந்த பிறகே பல சர்ஜன்கள் தேதி கொடுக்கிறார்கள்.

புகையிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலா வரைக்கும் பெயர்த்துத் தூக்கிய தோல், பின்னர் கீழே இழுத்துத் தைக்கப்படும்போது, மிகக் குறைந்த ரத்த ஓட்டத்தை நம்பித்தான் உயிர்வாழ்கிறது. நிகோடின் அந்த நுண்குழாய்களைச் சுருக்குவதால் தோலின் ஒரு பகுதி கறுத்து அழுகிப்போகக்கூடும். சிகரெட் மட்டும் இல்லை. வெற்றிலையோடு போடும் போயிலை, நிகோடின் சூயிங்கம் எல்லாமே இதில் சேரும். அறுவைக்கு 4 வாரம் முன்பும் 4 வாரம் பின்பும் அறவே கூடாது. வயதான பெண்கள் போயிலைப் பழக்கத்தைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அதேபோல, பித்தப்பை அறுவைக்காக வலது விலாவுக்குக் கீழே நீளமாகக் கீறிய பழைய தழும்பு இருந்தால் அதை அவசியம் காட்டுங்கள். அந்த வழியாக வரும் ரத்த ஓட்டம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருப்பதால், சர்ஜன் தன் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். சிசேரியன் தழும்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலும் அது அகற்றப்படும் தோலோடு சேர்ந்து போய்விடும்.

யாரிடம் செய்துகொள்வது, எவ்வளவு செலவு

எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பொது அறுவைப் பட்டத்துக்கும் மேலே, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (இப்போது டி.ஆர்.என்.பி.) முடித்தவரா என்று கேளுங்கள். அவரது பதிவெண் மருத்துவக் கவுன்சிலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அழகு நிலையம் போல அலங்கரிக்கப்பட்ட இடத்தைவிட, மயக்க மருந்து நிபுணர், ரத்த ஏற்பாடு, ஐ.சி.யு. மூன்றும் ஒரே கட்டடத்தில் உள்ள மருத்துவமனையே இதற்கு உரியது. முழு மயக்கத்தில் செய்யப்படும் பெரிய அறுவை இது என்பதை விளம்பரங்கள் மறக்கச் செய்துவிடுகின்றன.

செலவைக் கேட்கும்போது மொத்தத் தொகையாகக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள். சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், அரங்கு, அறை, மருந்து, அறுவைக்குப் பின் வயிற்றைச் சுற்றி அணியும் பெல்ட், பிறகு வரும் டிரஸ்ஸிங், நீர் கோத்தால் எடுக்கும் செலவு, ஒருவேளை சிறு திருத்தம் தேவைப்பட்டால் அதற்கான கட்டணம் ஆகியவை அந்தத் தாளில் இருக்க வேண்டும். இந்தியாவில் உடல்நலக் காப்பீட்டுத் திட்டங்கள் அழகுக்கான அறுவையைப் பொதுவாக விலக்கியே வைத்திருக்கின்றன. மற்ற சிகிச்சைகளுக்குக் கிடைக்கும் ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்குக் கிடைக்காது. குடலிறக்கத்தைச் சரிசெய்யும் பகுதிக்கு மட்டும் சில நேரம் காப்பீடு கிடைக்கலாம். அதையும் அறுவைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டைத் தயார் செய்தல்

முதல் கேள்வி, யார் சமைப்பார்கள் என்பதுதான். இரண்டு வாரத்துக்கு அடுப்படி உங்களுடையதாக இருக்கக் கூடாது. அம்மாவோ அக்காவோ வந்து தங்க முடியுமா, கணவர் விடுப்பு எடுப்பாரா, மெஸ் சாப்பாடு சொல்லிவிடலாமா என்று பேசி முடித்துவிட்டே தேதி குறியுங்கள். "மூன்றாம் நாளே எழுந்து ரசம் வைத்துவிடுவேன்" என்று உறுதியாகச் சொன்னவர்கள் எட்டாம் நாள் தையல் பிரிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாயில் படுக்கும் பழக்கம் இருந்தால் கட்டில் ஏற்பாடு செய்யுங்கள். தசையும் தோலும் இழுத்துத் தைக்கப்பட்டிருப்பதால், முதுகுப்பக்கம் உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, உடல் சற்று மடங்கிய நிலையிலேயே இரண்டு மூன்று வாரம் தூங்க வேண்டும். இதற்கு நான்கைந்து தலையணைகளாவது வேண்டும். தரையிலிருந்து எழுவது என்பது முதல் மாதத்தில் நினைத்துப் பார்க்கக் கூடாத செயல். துணி போட்ட பழைய ஈசிச்சேரில் படுத்தால் உடல் மடங்கிய நிலை சரியாக வரும், ஆனால் அதிலிருந்து எழுவதற்கு வயிற்றை இறுக்க வேண்டியிருப்பதால் கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியே நல்லது. வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறை மட்டும் இருந்தால், மேலே வைக்கும் கமோட் நாற்காலி ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். இந்த ஒன்றை மறந்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆன அன்று மாலையே கண்ணீரோடு போன் செய்தவர்கள் பலர்.

அடிக்கடி எடுக்கும் பொருள்களை இடுப்பு உயரத்துக்கு மாற்றி வையுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொளப்பான நைட்டி நான்கு வேண்டும். 6 வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று சொன்னால் பலருக்கு அதன் அளவு புரிவதில்லை; ஒரு குடம் தண்ணீர் 10 கிலோவைத் தாண்டிவிடும், நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, ஒரு வயதுக் குழந்தை 8, 9 கிலோ. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவதும் இதில் அடங்கும். சிறு குழந்தை இருந்தால், அம்மா தூக்கமாட்டாள், நீதான் கட்டிலில் ஏறி வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே விளையாட்டாகப் பழக்குங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட விரைவாகப் பழகிக்கொள்கிறார்கள்.

சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் இ, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், கருத்தடை மாத்திரை எல்லாமே முக்கியம். சில ரத்தக் கசிவைக் கூட்டும், கருத்தடை மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். எதை நிறுத்துவது, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. வயிற்றுப் பகுதியில் வீட்டிலேயே ஷேவ் செய்துகொண்டு வராதீர்கள். பிளேடு போடும் நுண்ணிய கீறல்கள் வழியாகக் கிருமி புகும்.

அறுவை நாள்

பொதுவாகத் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். அறுவையின்போது ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் இயங்கும் கருவியைப் பயன்படுத்துவதால், மெட்டி, கொலுசு, மூக்குத்தி உட்பட உலோகம் எதுவும் உடலில் இருக்கக் கூடாது. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள், முந்தின நாளே உலோகம் கோக்காத மஞ்சள் கயிற்றை மட்டும் அணிந்து வருவது எங்கள் வார்டில் வழக்கம். வழக்கமாக அணியும் உள்ளாடையை அணிந்து வாருங்கள். சர்ஜன் உங்களை நிற்கவைத்துப் பேனாவால் கோடு வரையும்போது, தழும்பு அதற்குள் மறையும்படி வரைவார். கொழுப்பு மடிப்பை வெட்டியெடுக்கும் அறுவையை 1899இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹோவர்ட் கெல்லி விவரித்தபோது, தழும்பு எங்கே விழுகிறது என்பது யாருக்கும் பெரிய கவலையாக இருக்கவில்லை. அதைத் தாழ்வாக அமைத்து உடைக்குள் மறைக்கும் முறை, பிரேசிலின் இவோ பிட்டாங்கி போன்றவர்களின் வேலையால் 1960களில்தான் பரவியது.

கீறல் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை போகும். தொப்புளை வெட்டியெடுத்துப் புதிதாகச் செய்வதாகப் பலர் அஞ்சுகிறார்கள். அது தன் காம்போடு உள்ளேயே நிற்கிறது. மேலிருந்து இழுத்து வந்த தோலில் புதிதாக ஒரு துளையிட்டு அதை வெளியே எடுத்துத் தைக்கிறார்கள். முழு டம்மி டக் இதுதான். தொப்புளுக்குக் கீழே மட்டும் சிறிது தளர்ச்சி உள்ளவர்களுக்குச் சிறிய அறுவையும், மிக அதிகமாக எடை இழந்தவர்களுக்கு இடுப்பைச் சுற்றிலும் போகும் பெரிய அறுவையும் உண்டு. பக்கவாட்டைச் சீர்செய்ய, குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷனும் சேர்ந்தே செய்யப்படுவதுண்டு.

கண் விழிக்கும்போது குளிரும், தொண்டை வறண்டு வலிக்கும், சிறுநீர்க் குழாய் இருக்கும், அடிவயிற்றின் பக்கங்களில், உள்ளே ஊறும் நீரை வெளியேற்றும் இரண்டு டிரெயின் குழாய்கள் இருக்கலாம். கால்களில் இறுக்கமான காலுறையோ, காற்றால் அழுத்தி விடும் கருவியோ இருக்கும். மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுப்போம். பத்தில் ஏழு பேர் அதை வாங்கியதும் பலூனைப் போல ஊதுகிறார்கள். அதை ஊதக் கூடாது. இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே எழுப்ப வேண்டும். வயிறு இறுகியிருப்பதால் மேலோட்டமாக மூச்சுவிடத் தோன்றும், அப்படியே விட்டால் சளி கட்டிக் காய்ச்சல் வரும்.

முதல் பத்து நாள்

அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்க வைப்போம். யாருக்கும் பிடிக்காத கணம் இது. இதைத் தள்ளிப்போடவே முடியாது, ஏனென்றால் அழகுக்கான அறுவைகளில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகமாக உள்ளவற்றில் டம்மி டக்கும் ஒன்று, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எழும் முறை இப்படி: முழங்காலை மடக்கி ஒரு பக்கமாக மொத்த உடலையும் உருட்டுங்கள், கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள், கீழே உள்ள முழங்கையையும் மேலே உள்ள உள்ளங்கையையும் படுக்கையில் ஊன்றி, கையின் பலத்தில் எழுங்கள், வயிற்றை எதுவும் செய்ய விடாதீர்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்து, தலைச்சுற்றல் இல்லை என்றான பிறகு, முன்பக்கம் குனிந்தபடியே நில்லுங்கள். நிமிரக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் வரை பாட்டி நடப்பது போலக் குனிந்துதான் நடக்க வேண்டும். அதனால் முதுகு வலிக்கும், அது இயல்பு. சிலருக்கு ரத்தம் உறையாதிருக்கத் தினமும் ஊசி போடப்படும். வீட்டுக்குப் போன பிறகும் அதைத் தொடரச் சொல்லியிருந்தால் ஒரு நாள்கூட விடாதீர்கள்.

வலியைப் பொறுத்தவரை, கீறிய இடத்தைவிட உள்ளே தைத்த தசைதான் அதிகம் வலிக்கும். பிடித்து இழுப்பது போன்ற இறுக்கமாக அது இருக்கும், முதல் மூன்று நாள் கடுமையாகவும் பிறகு படிப்படியாகக் குறைந்தும் வரும். வலி வந்த பிறகு மாத்திரை தேடாமல், எழுதிக் கொடுத்த நேரப்படி போட்டுக்கொள்ளுங்கள். இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கடுமையான வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். முக்கினால் உள்தையலுக்குச் சேதம் வரும் என்பதால், முதல் நாளிலிருந்தே தண்ணீர், பழம், டாக்டர் கொடுக்கும் மலமிளக்கி ஆகியவற்றைத் தொடங்கிவிடுங்கள்.

டிரெயின் குழாயைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தோலுக்கும் தசைக்கும் இடையில் ஊறும் நீரை அது வெளியே எடுக்கிறது. காலையிலும் இரவிலும் கையைக் கழுவிவிட்டு, டப்பாவில் சேர்ந்ததை அளவுக் குப்பியில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் இடது வலது தனித்தனியாக எழுதி வாருங்கள். அழுத்தமான சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம் என்று வெளுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு நாளில் ஒரு குழாயில் ஏறக்குறைய 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும் அதை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள். ஒழுங்காக எழுதிய நோட்டைக் கையில் கொண்டுவரும் நோயாளியைப் பார்த்தால் எங்களுக்கு அத்தனை மகிழ்ச்சி, ஏனென்றால் முடிவெடுக்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. தோலைத் தசையோடு அங்கங்கே சேர்த்துத் தைக்கும் முறையில் சில சர்ஜன்கள் டிரெயினே வைப்பதில்லை, அதுவும் சரியான முறைதான்.

இனி பத்தியம். பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், கத்தரிக்காயும் மீனும் கரப்பான், தண்ணீர் குடித்தால் தையல் ஊறும் என்று சொல்லி, அறுவையான பெண்ணுக்கு ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் மட்டும் கொடுக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அக்கறையால்தான் செய்கிறார்கள். ஆனால் காயம் ஆறுவதற்குப் புரதம் அவசியம். முட்டை, பருப்பு, மீன், கோழி, தயிர், சுண்டல் என எது ஒத்துக்கொள்கிறதோ அதை ஒவ்வொரு வேளையும் சேர்க்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகி உறையும் வாய்ப்பு கூடும். குறைக்க வேண்டியது உப்பை. ஊறுகாய், கருவாடு, அப்பளம் வீக்கத்தைக் கூட்டுகின்றன. மாமியாரையோ அம்மாவையோ ரிவியூவுக்கு ஒருமுறை கூட அழைத்து வாருங்கள். டாக்டர் வாயால் கேட்டால் மனம் மாறிவிடுகிறார்கள்.

மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் காரணமின்றி அழுகை வரலாம். வயிறு வீங்கி, குழாய்கள் தொங்கி, குனிந்து நடந்துகொண்டு, கண்ணாடியில் பார்க்கும்போது, இதை ஏன் செய்துகொண்டேன் என்று தோன்றும். அதற்கு மேல் யாராவது, பெற்ற வயிறு அப்படித்தானே இருக்கும், இதற்குப் போய் இவ்வளவு செலவா என்று சொல்லிவிட்டால் தாங்காது. நடக்கும்போது வயிற்று மடிப்பில் வேர்த்துப் புண்ணாகி, முதுகு வலித்து, ஐந்தாறு ஆண்டுகள் யோசித்து எடுத்த முடிவு இது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அழுகை சில நாளில் அடங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நடுராத்திரி ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: ஒரு கால் மட்டும் வீங்குவது அல்லது கெண்டைக்கால் வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வயிற்றின் ஒரு பக்கம் வேகமாக வீங்கி இறுகுவது, டிரெயினில் திடீரென்று அடர்ந்த ரத்தம் வருவது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவந்து சூடாகி நாற்றத்தோடு நீர் வடிவது, தோல் கருநீலமாக மாறுவது. மூச்சுத்திணறலுக்கு விடியும்வரை காத்திருக்காதீர்கள்; 108-ஐ அழையுங்கள்.

வெளியூர்க்காரர்கள் டிஸ்சார்ஜ் ஆனதும் இரவுப் பேருந்தில் ஏறிவிடாமல், ஒரு வாரமாவது மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுப்பில் வந்து செய்துகொள்பவர்கள், திரும்பும் டிக்கெட்டைச் சர்ஜனைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். மூன்று வார விடுப்பு இதற்குப் போதாது.

இரண்டாம் வாரம் முதல்

இரண்டாம் வார முடிவில் நிமிர்ந்துவிடுவீர்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு 2, 3 வாரத்தில் போகலாம். ஸ்கூட்டர் ஓட்ட, நின்று பார்க்கும் வேலைக்கு, தாம்பத்திய உறவுக்கு 4 முதல் 6 வாரம் ஆகும். பெல்ட்டை டாக்டர் சொல்லும் காலம் வரை, பொதுவாக 6 வாரம், குளிக்கும் நேரம் தவிர அணிய வேண்டும். நம் வெயிலில் இது பெரிய சோதனை. உள்ளே மெல்லிய பருத்தி பனியன் ஒன்றைப் போட்டு, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, அதன் மேல் பெல்ட்டை அணிந்தால் வேர்க்குரு வராது. மாற்றித் துவைக்க இரண்டு பெல்ட் வேண்டும்.

குழாய் எடுத்த பிறகு, நடக்கும்போது வயிற்றுக்குள் தண்ணீர்ப் பை அசைவது போலத் தோன்றினால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். இது அடிக்கடி நேர்வதுதான். ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், அந்த இடம் மரத்திருப்பதால் வலியும் தெரியாது.

அந்த மரப்பைப் பற்றித்தான் எல்லோரிடமும் கையைப் பிடித்துச் சொல்கிறேன். தொப்புளுக்குக் கீழே உள்ள தோலில் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேல்கூட, உணர்ச்சி இருக்காது. ஐந்தாவது வாரத்தில் ஒருவர் வந்தார். வீக்கம் வடியட்டும் என்று வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்திருக்கிறார். சூடு தெரியாததால் தூங்கியும்விட்டார். எழுந்து பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். ஆறிக்கொண்டிருந்த நல்ல தையலுக்கு மேலே தீக்காயத் தழும்பு ஒன்று நிரந்தரமாக விழுந்துவிட்டது. ஒத்தடம் நம் வீடுகளில் எந்த வலிக்கும் முதல் வைத்தியம் என்பதால், டிஸ்சார்ஜ் தாளில் அதைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லிக் கேட்கிறேன். வெந்நீர்ப் பையும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். புண் ஆறும் முன் மஞ்சள், பச்சிலை எதையும் பூசவும் வேண்டாம்.

வீக்கம் காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் மூன்று மாதம் வரை விளையாட்டுக் காட்டும். தழும்பு முதலில் சிவந்து தடித்து, நம் நிறத்தில் கறுத்தும் போய், ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள்தான் வெளுத்துத் தட்டையாகும். புண் முழுமையாக மூடிய பிறகு சிலிக்கான் ஷீட்டை நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் இரண்டு மூன்று மாதம் ஒட்டி வந்தால் தடிப்பு குறையும். காது குத்திய இடத்தில் கட்டி போல வளர்ந்த வரலாறு உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால், கீலாய்டு வர வாய்ப்பு உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சேலை கட்டுபவர்களுக்குப் பாவாடை நாடா ஒரு தனிப் பிரச்சினை. இறுக முடிந்த நாடா, வீங்கியிருக்கும் மென்மையான தோலில் பள்ளம் பதித்து, புதுத் தொப்புளின் தையலையும் உரசும். மரத்திருப்பதால் புண்ணாவது உங்களுக்குத் தெரியாது. 6 வாரம் நைட்டி அல்லது எலாஸ்டிக் வைத்த தளர்வான உடை அணிந்து, பிறகு நாடாவுக்குப் பதிலாக அகலமான எலாஸ்டிக் பட்டை தைத்த பாவாடையில் தொடங்குங்கள். விசேஷத்துக்குப் பட்டுச்சேலை கட்டியே ஆக வேண்டும் என்றால், மூன்று மாதம் கழித்து வரும் முகூர்த்தத்துக்கு ஏற்றபடி அறுவைத் தேதியை வைத்துக்கொள்வது நல்லது.

குழந்தையைத் தூக்கும் நாள் டாக்டர் அனுமதித்த பிறகே, பொதுவாக ஆறாம் வார ரிவியூவுக்குப் பிறகே வரும். முதல் சில நாள், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, பிள்ளை ஸ்டூலில் ஏறி மடிக்கு வரட்டும். அடுத்து, பிள்ளையைக் கட்டில் மேல் நிற்கச் சொல்லி, நீங்கள் நெருங்கி நின்று மார்போடு அணைத்து, மூச்சை வெளியே விட்டபடியே தூக்குங்கள். தரையிலிருந்து குனிந்து வாரித் தூக்குவதை மூன்றாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.